கறிவேப்பிலை அழகி: சிறகைப் பார்க்குமுன் உடலைப் பாருங்கள்

கறிவேப்பிலைச் செடியின் துளிரெல்லாம் திடீரென்று காணாமல் போனால் பலரும் முதலில் தேடுவது பூச்சிமருந்தை. கொஞ்சம் பொறுங்கள். மிச்சமிருக்கும் இலைகளின் மேல்புறத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ந்த பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அது அநேகமாக ஒரு பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. தமிழில் அதைக் கறிவேப்பிலை அழகி என்கிறோம். ஆங்கிலப் பெயர் காமன் மோர்மன், அறிவியல் பெயர் பப்பிலியோ பாலிடெஸ்.

சிங்கப்பூரில் முந்நூறுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் இந்த ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஆண்டு முழுவதும் கண்ணில் படும். காட்டுக்குள் போக வேண்டியதில்லை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்கு நடுவிலேயே பறக்கும். உணவுச்செடியோ தமிழர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. எல்லாவற்றையும்விட, இதைச் சரியாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் ஒரு பூச்சியில் எந்தப் பாகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் வந்துவிடும். ஏனென்றால் இந்த இனத்துப் பெண்களில் ஒரு பகுதி வேறோர் இனத்தின் வேடத்தில் திரிகின்றன.

ஆணை அடையாளம் காண்பது

ஆண் எளிது. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 8 முதல் 10 சென்டிமீட்டர். நிறம் கறுப்பு. பின்சிறகின் நடுவே வெண்மஞ்சள் புள்ளிகள் ஒரே வரிசையாக, குறுக்கே ஒரு பட்டைபோல ஓடும். முன்சிறகின் வெளியோரத்திலும் சிறு வெள்ளைப் புள்ளிகள் உண்டு. அவை சிறகின் நுனியை நோக்கிப் போகப் போகச் சிறுத்துவிடும். பின்சிறகின் கீழ் முனையில் குட்டையான வால்.

வாலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பறவை கொத்தியோ முள்ளில் கிழிந்தோ வால் போயிருக்கும் பூச்சிகள் ஏராளம். சில நாள் பறந்த பூச்சியில் இரண்டு வாலும் முழுசாக இருந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

ஆணோடு குழம்பக்கூடியவை முக்கியமாக இரண்டு. பேண்டட் ஸ்வாலோடெயில் என்னும் இனத்திலும் கறுப்பில் வெளிர்ப்பட்டை உண்டு. ஆனால் அந்தப் பட்டை முன்சிறகிலிருந்தே தொடங்கிப் பின்சிறகு வரை ஒரே கோடாக இறங்கும். கறிவேப்பிலை அழகியின் பட்டை பின்சிறகோடு நின்றுவிடும். பட்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் போதும், பத்தடி தூரத்திலிருந்தே இரண்டையும் பிரித்துவிடலாம். இன்னொன்று கிரேட் மோர்மன். அது இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிது, அதன் ஆணுக்கு வாலும் இல்லை, வெள்ளைப் பட்டையும் இல்லை. கறுப்புச் சிறகில் நீலம் தூவியதுபோல் இருக்கும். சிறகெல்லாம் வெளிர்மஞ்சள் புள்ளியாக, வாலில்லாமல் பறப்பது எலுமிச்சை அழகி. அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

பெண்தான் சிக்கல்

சிங்கப்பூரில் இந்த இனத்துப் பெண்கள் இரண்டு தோற்றங்களில் இருக்கின்றன. ஒன்று ஆணைப் போலவே இருக்கும், ஆனால் பின்சிறகில் சிவப்புப் பிறைகள் தெளிவாகத் தெரியும். இந்த வகையைக் கூர்ந்து பார்க்காவிட்டால் ஆண் என்றே எழுதிவிடுவோம்.

மற்ற வகை முற்றிலும் வேறு. முன்சிறகு சாம்பல் படர்ந்து, நரம்புகளின் ஓரமாகக் கறுப்புக் கோடுகளோடு இருக்கும். பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டுகள், அவற்றைச் சுற்றி ஓரமெங்கும் ரோஜாச் சிவப்பில் பிறைகள். இது அப்படியே இன்னோர் இனத்தின் உருவம். ரோஜா அழகி, ஆங்கிலத்தில் காமன் ரோஸ். சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2015இல் நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் வண்ணத்துப்பூச்சியாக மக்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அதனால் சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று பறந்தவுடன் "தேசிய வண்ணத்துப்பூச்சி" என்று பலர் படத்தைப் பகிர்ந்துவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு கறிவேப்பிலை அழகியின் பெண்ணாக இருக்கும்.

பிரிப்பதற்கு ஒரே உறுதியான அடையாளம் உடல். ரோஜா அழகியின் தலையும் மார்பின் பக்கங்களும் வயிற்று நுனியும் பளிச்சென்ற சிவப்பு. கறிவேப்பிலை அழகியின் உடல் கறுப்பு, தலையிலும் மார்பிலும் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும். சிறகின் வடிவம், திட்டுகளின் எண்ணிக்கை, சிவப்பின் அடர்த்தி இவையெல்லாம் ஒரு பூச்சிக்கும் அடுத்த பூச்சிக்கும் மாறும். உடல் நிறம் மாறாது. படம் எடுக்கும்போதும் சிறகின் அழகில் மயங்காமல் உடல் தெரிகிற கோணத்தில் ஒன்றாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் வயிறு முழுதாகத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் உடலின் பக்கங்கள் தெரியாது, பிறகு பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை.

பறக்கும் விதமும் கொஞ்சம் உதவும். ரோஜா அழகி அவசரமே இல்லாமல், தாழ்வாக மிதந்து போகும். வேடமிட்ட பெண்ணும் அதே நடையில் போகும், ஆனால் கையை வீசி விரட்டினால் அடுத்த நொடி வேகமெடுத்துத் தாறுமாறாகப் பறந்து மறையும். இதைச் சோதிப்பதற்காக வேண்டுமென்றே விரட்ட வேண்டாம். யாராவது குறுக்கே நடந்து போகும்போது கவனித்தால் போதும்.

ஏன் இந்த வேடம்?

ரோஜா அழகியின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியை. அதிலுள்ள நச்சு அமிலம் புழுவின் உடலில் சேர்ந்து, வண்ணத்துப்பூச்சியான பிறகும் தங்கிவிடுகிறது. ஒரு தடவை அதைக் கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பு வெள்ளைக் கோலத்தை மறக்காது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளர்ந்த நம் பூச்சிக்கு நஞ்சு கிடையாது. கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதே பாதுகாப்பைப் பெறுகிறது.

நஞ்சில்லாத ஒன்று நஞ்சுள்ளதைப் போல் தோற்றம் கொள்வதை ஹென்றி பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காடுகளின் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு 1862இல் விளக்கினார். அவருடைய நண்பர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கிட் தீமாவில் பூச்சிகளைச் சேகரித்தவர். 1865இல் வெளியான கட்டுரையில் மலாய்த் தீவுகளில் கறிவேப்பிலை அழகி அடங்கிய ஸ்வாலோடெயில் குடும்பத்தை ஆராய்ந்தபோது, வெவ்வேறாகத் தெரிகிற பெண்கள் ஒரே இனம் என்பதற்கு இந்தப் பூச்சியை எடுத்துக்காட்டினார். அதற்கு முன், 1758இல் இவற்றுக்குப் பெயரிட்ட ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு வேறு பெயருமாக இரண்டு இனங்களாகவே எழுதி வைத்திருந்தார். எனவே தொடக்கத்தில் குழம்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வேடம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. அசல் போதுமான அளவில் சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும். நச்சுள்ள ரோஜா அழகியைக் கொத்திப் பட்டறியாத பறவைக்கு அந்தக் கோலம் எந்த எச்சரிக்கையையும் தராது. போலிகள் மிகுந்துவிட்டால் பறவை கொத்துவதில் பெரும்பாலானவை சுவையாகவே அமையும், எச்சரிக்கை தேய்ந்துபோகும். பெண்களில் எல்லாமே வேடமிடாமல் ஒரு பகுதி ஆணைப் போலவே தொடர்வதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தப் பெண் எந்தக் கோலம் என்பதை முடிவு செய்வது டபுள்செக்ஸ் என்னும் ஒரே மரபணு. 2014இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. பூச்சி ஆணா பெண்ணா என்று உடலை வடிவமைக்கும் அதே மரபணுதான் சிறகுக் கோலத்தையும் தீர்மானிக்கிறது. வேடத்துக்கான மரபணு வடிவம் ஆண்களிடமும் இருக்கலாம், ஆனால் ஆணின் சிறகில் அது வெளிப்படுவதில்லை. ஆகவே ஆணைப் போன்ற தோற்றமுள்ள தாய்க்கு வேடமிட்ட மகள் பிறக்கலாம். ஒரே கறிவேப்பிலைச் செடியில் வளர்ந்த புழுக்களிலிருந்து இரண்டு வகைப் பெண்களும் வெளிவரலாம். புழுவைப் பார்த்து அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கே, எப்போது தேடுவது

பறக்கும் பூச்சியைத் துரத்துவதைவிடச் செடிக்குப் பக்கத்தில் நிற்பது மேல். தேட வேண்டிய செடிகள் இரண்டு வகை: முட்டையிடும் செடி, தேன் குடிக்கும் செடி.

முட்டையிடுவது எலுமிச்சைக் குடும்பச் செடிகளில். கறிவேப்பிலை, எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி எனப்படும் சிறு எலுமிச்சை, லீமாவ் பூருட், பம்பளிமாஸ். சீனப் புத்தாண்டுக்கு வாங்கி, பண்டிகை முடிந்ததும் புளோக்குக்குக் கீழே கொண்டு வைத்துவிடுகிற ஆரஞ்சுத் தொட்டிச் செடிகளையும் விடாமல் பாருங்கள். அவை மறுபடி துளிர்க்கும்போது முட்டை தேடும் பெண்கள் வரும். சமூகத் தோட்டங்கள் இதற்கு அருமையான இடம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தால் பேட்டைக்குப் பேட்டை இப்படித் தோட்டங்கள் வந்துவிட்டன, அவற்றில் கறிவேப்பிலை இல்லாத தோட்டம் குறைவு. வேலி போட்டுப் பூட்டியிருந்தால் வெளியிலிருந்தே பார்க்கலாம், அல்லது தோட்டத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போகலாம். எந்தச் செடியை எது தின்கிறது என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தேனுக்கு இட்லிப்பூ என்கிற வெட்சி, செம்பருத்தி, உண்ணிச்செடி ஆகியவற்றுக்கு வரும். நடைபாதை ஓரங்களில் வெட்சியை வரிசையாக நட்டிருப்பதால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே பார்க்க முடிகிற பூச்சி இது. பூங்காவுக்குப் போவதென்றால் ஹோர்ட்பார்க், தாவரவியல் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ், புலாவ் உபினில் உள்ள பட்டர்ஃபிளை ஹில் ஆகியவை நல்ல இடங்கள். ரோஜா அழகியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமென்றால், அதன் கொடியை நட்டு வளர்க்கும் பூங்காக்களாகப் பார்த்துப் போங்கள். சாங்கி விமான நிலையத்து மூன்றாம் முனையத்தில் இருப்பது கூண்டுத் தோட்டம். அங்கே பார்ப்பதைக் காட்டுப் பதிவாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை. இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி சுமாருக்கு என்பதால் எட்டுக்கு முன் போனால் வெறும் பூவைத்தான் பார்க்கலாம். மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கும் முதல் அரை மணி நேரம் மிக நல்லது, பசித்திருந்த பூச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூவுக்கு வரும். ஈரமான மண்ணிலோ சரளையிலோ ஆண்கள் இறங்கி உப்புச்சத்தை உறிஞ்சுவதையும் காணலாம். அப்போது அவை அசையாமல் இருக்கும், நெருங்கிப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பூவில் தேன் குடிக்கும்போதோ இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் சிறகடிப்பதை நிறுத்துவதே இல்லை. முன்சிறகு படபடத்துக்கொண்டே இருக்கும், பின்சிறகு ஓரளவு நிலையாக இருக்கும். கைப்பேசியில் ஒற்றைப் படமாக எடுத்தால் மங்கலாகவே வரும். மெதுவியக்கக் காணொளியாக எடுத்து, அதிலிருந்து தெளிவான ஒரு சட்டகத்தைப் பிரித்துக்கொள்வது எளிது. கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் திறக்கும்படி வைத்துத் தொடங்கலாம். உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழுந்தால் உடனே கிளம்பிவிடும். ஆகவே சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நெருங்குங்கள்.

முட்டையிடும் பெண்ணைக் கவனிப்பது

தேன் தேடும் பூச்சி பூவிலிருந்து பூவுக்குப் போகும். முட்டையிட வந்த பெண் பூவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கறிவேப்பிலையின் இளந்துளிரைச் சுற்றிச் சுற்றி வந்து, சிறகை அடித்தபடியே முன்கால்களால் இலையைத் தட்டும். அந்தக் கால்களில் சுவை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு, சரியான செடிதானா என்று இலையைத் தொட்டே தெரிந்துகொள்ளும். பிடித்துவிட்டால் வயிற்றை வளைத்து இலையில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு உடனே கிளம்பும். எல்லாம் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும். கண்ணை அந்த இலையிலிருந்து எடுக்காமல் போய்ப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறுக்களவுள்ள, வழவழப்பான, வெளிர்மஞ்சள் உருண்டை இருக்கும்.

மூன்று நாள் சுமாரில் முட்டை பொரியும். முட்டை முழுக்கக் கறுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டால் உள்ளே நுண்குளவி முட்டையிட்டிருக்கக்கூடும். கடுகைவிடச் சிறிய குளவிகள்தான் பிறகு அதிலிருந்து வெளிவரும். எறும்பு ஏறும் செடியில் முட்டைகள் பெரும்பாலும் தப்பாது.

புழுவுக்கு ஐந்து பருவங்கள். முதல் நான்கில் பறவை எச்சத்தின் கோலம். அதனால்தான் ஒளியாமல் இலையின் மேல்புறத்திலேயே துணிந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். மார்புப் பகுதி புடைத்து, இரண்டு பக்கமும் கண் போன்ற பொட்டுகளோடு ஒரு சிறு பாம்பின் தலை மாதிரி தெரியும், உண்மையான தலை அதற்குக் கீழே மடங்கியிருக்கும். தொட்டுச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பான இரட்டை முனைக் கொம்பை நீட்டும், கூடவே ஒரு காரமான நெடி வரும். கடிக்காது, அரிக்காது. எலுமிச்சைச் செடியில் எலுமிச்சை அழகியின் புழுக்களும் கலந்திருக்கும். சின்னப் பருவத்தில் இரண்டையும் பிரிப்பது தொடக்கநிலையில் கடினம், சிறகு விரியும்வரை காத்திருப்பதே நிச்சயமான வழி.

வீட்டில் இடம் கொடுப்பவர்களுக்கு

நடைவழியில் தொட்டி வைப்பதென்றால் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கிக் கொசுவுக்கு அதுவே போதும். கிளை நுனிகளைக் கிள்ளி விட்டால் புதுத்துளிர் வரும், முற்றிய இலைகளைவிட அதைத்தான் பெண்பூச்சி விரும்பும். இரண்டு செடி வைத்து, ஒன்றை மெல்லிய வலையால் மூடிச் சமையலுக்கும், மற்றதைத் திறந்து பூச்சிக்கும் விட்டுவிடுவது நடைமுறையில் ஒத்துவரும் ஏற்பாடு. முழங்கால் உயரச் செடி மூன்று நான்கு புழுக்களைத்தான் தாங்கும், கடைசிப் பருவத்தில் அவை தின்பது முந்தைய பருவங்களையெல்லாம் சேர்த்ததைவிட அதிகம். இலை போனாலும் வேர் நன்றாக இருந்தால் செடி மறுபடி தழைக்கும்.

நாற்றுக்கடையிலிருந்து புதிதாக வாங்கிய செடியில் புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு விழுந்தால் காரணம் பெரும்பாலும் மருந்து. இலைக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் மருந்துகள் கழுவினால் போகாது. பழைய இலைகள் உதிர்ந்து சில சுற்றுப் புதுத்துளிர் வரும்வரை அந்தச் செடியை நம்ப வேண்டாம். தீனி தீர்ந்துவிட்டதென்று தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கொடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. அக்கம்பக்கத்தில் மருந்தில்லாமல் வளர்க்கும் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்.

கூட்டுப்புழு ஆகும் முன் புழு செடியை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கும், காணோமே என்று பதற வேண்டாம். குச்சியிலோ சுவரிலோ இடம் பார்த்து, இடுப்பில் பட்டு நூல் கட்டி, தலை மேலே பார்த்திருக்க நிற்கும். கூடு பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம், ஒட்டியிருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். பழுப்பாக இருப்பதால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பத்து நாள் சுமார் காத்திருங்கள். வெளிவருவதற்கு முதல் நாள் கூடு கறுத்து, உள்ளே சிறகின் புள்ளிகள் மங்கலாகத் தெரியும். முட்டையிலிருந்து இதுவரை ஏறக்குறைய ஒரு மாதம்.

வெளிவந்த பூச்சி எதையாவது பற்றிக்கொண்டு சிறகைத் தொங்கவிட்டு விரிக்க வேண்டும். வழுக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் வளர்த்தால் பிடி கிடைக்காமல் கீழே விழும், சுருங்கிய சிறகு அப்படியே இறுகிவிடும், பிறகு பறக்காது. மூடிய டப்பாவின் உட்புறம் வியர்த்தாலும் பூஞ்சை பிடித்துப் புழு செத்துப்போகும். வலைக்கூடை போதும், உள்ளே செங்குத்தாக ஒரு குச்சி, தினமும் புது இலை, கழிவைத் துடைத்தெடுக்க அடியில் ஒரு தாள். வெளிவந்தபின் சிறகு காயும்வரை கை வைக்காதீர்கள். இதெல்லாம் உங்கள் செடியில் வந்த புழுவுக்குத்தான். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியின்றி எதையும் பிடித்து வருவது சட்டப்படி குற்றம்.

பார்த்ததைப் பதிவு செய்ய ஐநேச்சுரலிஸ்ட் செயலி வசதியானது. உடல் தெரிகிற பக்கவாட்டுப் படம் ஒன்று, பின்சிறகின் மேல்புறம் ஒன்று, பூச்சி உட்கார்ந்திருந்த செடியின் இலை ஒன்று என மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். தேதி, நேரத்தோடு ஆணா, ஆணைப் போன்ற பெண்ணா, வேடமிட்ட பெண்ணா என்பதையும் குறிப்பிலே எழுதுங்கள். உடல் படத்தில் விழாமல் போயிருந்தால் இனத்தின் பெயரை இடாமல், ஸ்வாலோடெயில் குடும்பம் என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். தவறான பெயரோடு ஏறிய பதிவைப் பின்னர் திருத்துவதைவிட அதுவே பயன்படும்.